குற்றம் கண்டுபிடிக்கிற கருவி

சிவகிரியில் ஹெட்போன் மாட்டுகிறவர்கள் இரண்டு வகை. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து, கண்டக்டர் தோளைத் தட்டினால்தான் இந்த உலகத்துக்குத் திரும்பி வருகிற இளவட்டங்கள் ஒரு வகை. கல்யாண வீட்டில் எல்லோரும் பாயசத்தில் இருக்கும்போது, தூணோரமாக நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிற வீடியோக்காரர்கள் இன்னொரு வகை.

என் மருமகன் இரண்டாம் வகை. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, வில்லுப்பாட்டு என்று எதையும் விடாமல் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றுகிறவன். அவன் கழுத்தில் எந்நேரமும் கிடப்பது சோனி எம்டிஆர்-7506. 1991-இல் வந்த மாடல், இன்னும் விற்கிறது. சுருள் வயர், இழுத்தால் மூன்று மீட்டர் வரும். நீலப் பட்டை, ‘புரொஃபஷனல்’ என்ற எழுத்து. புளூடூத் கிடையாது, சார்ஜ் கிடையாது, பார்ப்பதற்கு ஒரு லட்சணமும் கிடையாது.

அதை ஒரு மத்தியானம் இரவல் வாங்கி, பழைய இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டேன். சரணத்துக்கு முன் பாடகி மூச்சு இழுப்பது கேட்டது. டேப்பின் ‘உஸ்’ கேட்டது. தபேலா தபேலாவாகவே கேட்டது. எனக்கு அது பழக்கமில்லை. என்னுடைய ஹெட்போனில் தபேலா, டிரம்ஸ், தவில் எல்லாம் ஒரே அண்டாவுக்குள்ளிருந்துதான் வரும்.

“என்னடே, பாட்டு சப்புன்னு இருக்கு?” என்றேன்.

“மாமா, இது பாட்டுக் கேக்கதுக்கு உள்ளது இல்ல. குத்தம் கண்டுபிடிக்கதுக்கு உள்ளது.”

பந்தியில் எல்லோரும் ‘சாப்பாடு பிரமாதம்’ என்று ஏப்பம் விடும்போது, சாம்பாரில் புளி தூக்கல் என்று கண்டுபிடிக்கிற பெரியப்பா ஒருவர் இருப்பாரே, அவர்தான் இந்த ஹெட்போன். சமையல்காரருக்கு அவர் வேண்டும். பக்கத்து இலைக்காரனுக்கு எதற்கு?

கொடை அன்று அவன் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வில்லுப்பாட்டில் வில்லடி விழுகிறது, மணிகள் குலுங்குகின்றன, குடம் அதிர்கிறது, கூட்டம் சொக்கி நிற்கிறது. இவன் மட்டும் வலது காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மணிச் சத்தம் பிசிறடிக்கிறது என்று ஒரு திருகாணியை மயிரிழை குறைக்கிறான். பிறகு ரேடியோ செட்டுக்காரரைப் பார்த்து, “அண்ணாச்சி, அந்தக் குழாய ரோட்டுப் பக்கம் திருப்புங்க” என்கிறான். கதை என்னவென்று கேட்டால் தெரியாது. சாமி பெயரே தெரிந்திருக்குமோ என்னவோ.

அண்டாச் சத்தத்தை, அதாவது பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி தூக்கலாக இருப்பதை, விரும்புகிறவர்கள் மனம் கோண வேண்டாம். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தபோது, பெரும்பாலோருக்குப் பிடித்தது பேஸ் சற்றுத் தூக்கலான ஒலிதான். ஆக, நம் பஸ் வாலிபர்களின் காதில் கோளாறு இல்லை. அண்டாவின் அளவில்தான் பேச்சு.

“இரைச்சலை அடக்குகிற ஹெட்போன் இருக்கிறதே, அதை வாங்கினால் என்ன?” என்று மருமகனிடம் கேட்டுப் பார்த்தேன். அதுவும் தொழில்காரர்களுக்கென்று பிறந்ததுதான். வங்காளத்துக்காரரின் மகனான அமர் போஸுக்கு 1978-இல் விமானப் பயணத்தில் உதித்த யோசனை. 1989-இல் விமானிகளுக்கு வந்து, 2000-இல் பயணிகளுக்கும் வந்தது. விமானிக்கு நல்லது, வீடியோக்காரனுக்கு ஆகாது. அது அடக்குவது வெளியிலிருந்து காதுக்கு வருகிற இரைச்சலை மட்டும்தான், மைக்கில் ஏறி ரெக்கார்டில் விழுகிற மண்டபத்து ஜெனரேட்டர் சத்தத்தை அல்ல. மாப்பிள்ளையின் அப்பா பென்டிரைவைப் போட்டுப் பார்க்கும்போது மந்திரத்தோடு டீசல் என்ஜினும் சேர்ந்து ஓதும். புளூடூத் இன்னும் மோசம். சத்தம் ஒரு நொடியில் சிறு பங்கு பிந்தி வரும். கெட்டிமேளம் காதுக்கு வருவதற்குள் தாலி ஏறியிருக்கும்.

அதற்காக, பெட்டியில் ‘ஸ்டூடியோ’, ‘புரோ’ என்று போட்டிருப்பதையெல்லாம் நம்பிவிடாதீர்கள். இதே சோனி 1985-இல் எம்டிஆர்-வி6 என்று ஒன்றைக் கடைகளில் விற்றது. 7506 கிட்டத்தட்ட அதன் உடன்பிறப்பு. காந்தம், பின்னின் முலாம் என்று சில்லறை வித்தியாசங்கள்தான். உண்மையான ஸ்டூடியோ சரக்கு கிடைத்தாலும் வீட்டில் கொண்டாட முடியாது. மிக்ஸிங் செய்கிறவர்கள் விரும்புகிற திறந்த வகை, சென்ஹைசர் எச்டி 600 மாதிரி, வெளிச் சத்தத்தை அப்படியே உள்ளே விடும். கிரைண்டரும் அடுத்த வீட்டுச் சீரியலும் துல்லியமாகக் கேட்கும்.

நான் பொறாமைப்பட்டது ஒரே ஒரு விஷயத்தில். 7506-இன் காதுமெத்தையும் உரியும். கறுப்புப் பொடி கன்னமெல்லாம் ஒட்டும். ஆனால் மெத்தை தனியாகக் கிடைக்கிறது. பழசைப் பிடுங்கிப் புதுசை மாட்டினால் தீர்ந்தது. வயர் அறுந்தால், சால்டரிங் தெரிந்த எவரும் பற்றவைத்துவிடலாம். 1988-இல் வந்த சென்ஹைசர் எச்டி 25-ஐயும் அக்கக்காகக் கழற்றி மாட்டலாம். என்னுடையதில் பேட்டரி செத்ததும் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திறக்க ஒரு திருகாணிகூட இல்லை. “புதுசு வாங்கிருங்க அண்ணாச்சி” என்றார்.

ஆகவே, வாங்கப் போகிறவர்களே, பாட்டுக் கேட்க மட்டும்தான் என்றால் உங்கள் காதுக்குப் பிடித்ததை வாங்குங்கள். குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற வேலை நமக்கு இல்லை. காசு கொடுக்கும் முன் மட்டும் கடைக்காரரிடம், “இதுக்கு மெத்தையும் பேட்டரியும் தனியாக் கிடைக்குமா?” என்று கேளுங்கள். அவர் சிரித்தால், பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.