ஒரு ஹாப்கின்ஸ், பல அப்பாக்கள்

கேள்வி: 1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போன ஸ்டீபன் ஹாப்கின்ஸின் சொந்த ஊர் க்ளாஸ்டர்ஷயர் என்கிறது ஒரு பழைய புத்தகம். ஹாம்ப்ஷயர் என்கிறது ஒரு புதிய புத்தகம். செத்து முந்நூற்றெண்பது வருஷம் ஆன மனிதர் எப்படி ஐயா ஊர் மாறினார்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அவர் மாறவில்லை, மாற்றி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் குடியேறிய முதல் ஆங்கிலேயர்களின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் காலங்காலமாகச் செய்துவந்த ஒரு காரியம் உண்டு. இங்கிலாந்தின் ஏதாவது ஒரு மூலையில் அதே பெயரில், ஏறத்தாழ அதே வயதில் ஒருவர் கிடைத்தால், 'வாங்க தாத்தா' என்று கையைப் பிடித்து இழுத்துவந்து வம்சாவளியில் உட்காரவைத்துவிடுவார்கள். க்ளாஸ்டர்ஷயரில் வார்ட்லி என்ற ஊரில் ஒரு ஸ்டீபன் ஹாப்கின்ஸ் கிடைத்தார், போதாதா? போகிற போக்கில் கான்ஸ்டன்ஸ் டட்லி என்று ஒரு முதல் மனைவியையும் சேர்த்துக் கட்டிவைத்தார்கள். அப்படி ஒரு கல்யாணம் நடந்ததற்கு எந்தப் பதிவும் கிடையாது. டட்லி என்றால் பிரபு வம்ச வாசனை அடிக்கும், அதுதான் அந்த அம்மாளின் ஒரே தகுதி. பெயர்ப் பொருத்தம் ஒரு சாட்சியே அல்ல. மதுரையில் ஒரு முருகேசனைக் கண்டுபிடித்துவிட்டு 'இவர்தான் நம் முருகேசன்' என்று சொல்ல முடியுமா? ரேஷன் கார்டைப் புரட்டி, மனைவி பெயரும் இரண்டு பிள்ளைகளின் பெயரும் வயதும் ஒத்துப்போனால்தான் பேச்சு. ஆளைத் தேடாதே, அந்த ஆளைச் சுற்றியிருந்த வீட்டைத் தேடு என்பதுதான் என் கட்சி.

ஹாப்கின்ஸ் விஷயத்தில் அந்த வீடு நன்றாகவே தெரிகிறது. ஆனால் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். 1644 ஜூன் 6ஆம் தேதி அவர் எழுதிவைத்த உயிலில் மகன் கைல்ஸுக்கு ஒரு பெரிய காளையும், மகள் கான்ஸ்டன்ஸுக்கு ஒரு பெண் குதிரையும் விட்டுப்போகிறார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு ப்ளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபர்ட் கப்பலில் வந்தவர்களின் பட்டியலை எழுதும்போது, இந்தக் கைல்ஸும் கான்ஸ்டன்ஸும் ஹாப்கின்ஸின் முதல் தாரத்துப் பிள்ளைகள் என்று தெளிவாகச் சொல்கிறார். இரண்டாம் மனைவி எலிசபெத்துக்குப் பிறந்தவர்கள் டாமரிஸும், நடுக்கடலில் பிறந்ததால் ஓஷியானஸ் என்றே பெயர் பெற்ற குழந்தையும். ஆக, கடலுக்கு அந்தப் பக்கம் நாம் தேட வேண்டியது ஸ்டீபன் என்ற ஒற்றை ஆளை அல்ல. 1620க்கு முன்னால் முதல் மனைவியை இழந்த, கைல்ஸ், கான்ஸ்டன்ஸ் என்று இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு ஸ்டீபனை. ஹாம்ப்ஷயரின் ஹர்ஸ்லி கிராமத்து தேவாலயப் பதிவேட்டில் அந்தக் குடும்பம் அப்படியே இருக்கிறது. ஸ்டீபன் ஹாப்கின்ஸின் பிள்ளைகளாக 1604 மார்ச்சில் எலிசபெத், 1606 மே 11இல் கான்ஸ்டன்ஸ், 1608 ஜனவரி 30இல் கைல்ஸ் என்று மூன்று ஞானஸ்நானங்கள். தாயின் பெயர் மேரி. 1613 மே மாதம் அவள் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேயே பதிவாகியிருக்கிறது. கேலப் ஜான்சன் என்ற ஆய்வாளர் 1998இல் இதை வெளியிட்டார், வார்ட்லிக்காரர் வீட்டுக்குப் போனார். (கைல்ஸின் வருஷத்தை மூலப் பதிவில் பார்ப்பவர்கள் 1607 என்று கண்டு குழம்ப வேண்டாம். 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஜனவரியெல்லாம் பழைய வருஷத்தின் கணக்கு.)

கேள்வி: அந்த மேரியின் சொத்துப் பத்திரத்தில் அவளை 'விதவை' என்று எழுதியிருப்பதாகப் படித்தேன். 1613இலேயே புருஷன் செத்துவிட்டான் என்றால், 1620இல் கப்பல் ஏறியது பேயா? (வாசகி, விருதுநகர்)

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள், இந்த வழக்கில் எதிர்த்தரப்பின் ஒரே பலமான ஆயுதம் இதுதான். மேரியின் உடைமைகளுக்கு எடுத்த பட்டியல் அவளை விதவை என்றுதான் குறிக்கிறது. ஆனால் ஒரு பத்திரத்தில் ஒரு சொல் இருப்பதாலேயே அது நடந்த உண்மை ஆகிவிடாது. அதை எழுதியவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும். ஞானஸ்நானம் பாதிரியார் கண்ணெதிரே நடப்பது, அடக்கமும் அப்படியே. ஊரில் இல்லாத புருஷனின் சாவு அப்படி அல்ல. அது ஊர் நம்பிக்கை. 1609இல் ஒரு ஸ்டீபன் ஹாப்கின்ஸ் 'ஸீ வென்ச்சர்' என்ற கப்பலில் வர்ஜீனியாவுக்குப் புறப்பட்டார். அந்தக் கப்பல் புயலில் சிக்கி பெர்முடா தீவில் பாறையில் செருகிக்கொண்டது. ஏறிய சுமார் 150 பேரில் பெரும்பாலோர் பத்து மாதம் அங்கே கிடந்து, இரண்டு சிறு கப்பல்களைக் கட்டிக்கொண்டு 1610 மே மாதம் ஜேம்ஸ்டவுன் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பசியிலும் நோயிலும் செத்தவர்கள் போக மிஞ்சியிருந்தது அறுபது பேர் அளவில். அந்தத் திசையில் போன புருஷனிடமிருந்து நாலு வருஷம் ஒழுங்கான தகவல் இல்லையென்றால் ஹர்ஸ்லி கிராமம் என்ன நினைத்திருக்கும்? இது ஊகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹர்ஸ்லி ஸ்டீபன் உண்மையிலேயே செத்தார் என்று வைத்துக்கொண்டால், கைல்ஸ், கான்ஸ்டன்ஸ் என்ற பிள்ளைகளோடு தாரமிழந்த இன்னொரு ஸ்டீபன் ஹாப்கின்ஸ் அதே காலத்தில் இங்கிலாந்தில் இருந்தார் என்றும் வைத்துக்கொள்ள வேண்டும். ஜான், வில்லியம், மேரி என்றால் அந்தக் காலத்தில் தெருவுக்குப் பத்து உண்டு. கான்ஸ்டன்ஸும் கைல்ஸும் அப்படி அல்ல. அந்த இரண்டாவது ஊகத்தைவிட முதலாவது எனக்குச் சுலபமாக விழுங்க முடிகிறது.

கேள்வி: பெர்முடா ஹாப்கின்ஸும் மேஃப்ளவர் ஹாப்கின்ஸும் ஒரே ஆள் என்பதற்கு என்ன ஆதாரம்? பெயர் ஒன்றுதானே? உங்கள் மருந்து உங்களுக்கே கசக்கிறதா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கசக்கத்தான் வேண்டும், குடித்துப் பார்ப்போம். அதே கப்பலில் இருந்த வில்லியம் ஸ்ட்ரேச்சி எழுதிய விவரிப்பில் நம் ஆள் பாதிரியாருக்கு உதவியாக சங்கீதம் வாசிக்கிற எழுத்தர். பைபிள் வசனத்தை வைத்துக்கொண்டு வாதாடுவதில் கில்லாடி. கப்பல் உடைந்த நிமிஷமே ஆளுநர் தாமஸ் கேட்ஸின் அதிகாரமும் உடைந்துபோயிற்று, இனி யாரும் யாருக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை என்று தீவில் பேசினார். கலகம் என்று பிடித்து மரண தண்டனை விதித்தார்கள். கையில் விலங்கோடு அழுது, தான் செத்தால் மனைவியும் மக்களும் நாசமாகிவிடுவார்கள் என்று கெஞ்சி, மன்னிப்பு வாங்கினார். இங்கே நம் அளவுகோலை வைத்துப் பாருங்கள். இவருக்கு 1610இல் மனைவி இருக்கிறாள், ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹர்ஸ்லியில் மேரியும் மூன்று பிள்ளைகளும் அப்போது உயிரோடு இருந்த கணக்கு சரியாக விழுகிறது. 1608 ஜனவரிக்குப் பிறகு அந்த வீட்டில் வேறு ஞானஸ்நானம் இல்லாததற்கும், மேரியை விதவை என்று எழுதியதற்கும் இந்த ஒரு பயணமே விளக்கம் சொல்லிவிடுகிறது. அப்புறம் ப்ளிமத்துக்கு வந்த ஹாப்கின்ஸ். பிராட்ஃபர்ட் காட்டில் ஒரு கண்ணியில் கால் மாட்டிக்கொண்டபோது, அது செவ்விந்தியர்கள் மானுக்கு வைத்த பொறி என்று அடையாளம் சொன்னவர் அவர். குடியேறியவர்களைத் தேடி முதன்முதலாக வந்த செவ்விந்தியர் சமோசெட்டை ராத்தங்க வைத்தது அவர் வீட்டில். 1621இல் செவ்விந்தியத் தலைவர் மாசசாய்ட்டைப் பார்க்க, சக குடியேறி வின்ஸ்லோவோடு அனுப்பியதும் அவரைத்தான். இங்கிலாந்தை விட்டு நகராதவருக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? ஒவ்வொன்றும் தனியாக எடுத்தால் நூல்தான், முறுக்கினால் கயிறு. பிறப்புச் சான்றிதழ் அளவுக்குக் கெட்டி என்று நான் சொல்லவில்லை, வார்ட்லிக்கு இதில் ஒரு நூல்கூட இல்லை என்கிறேன். ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் வரும் குடிகார ஸ்டெஃபானோ இவர்தான் என்று சிலர் சொல்வார்கள். அது பெயர்ப் பொருத்தம் மட்டுமே, எனவே மருந்து விதிப்படி தள்ளுபடி.

கேள்வி: எச்சிலைத் துப்பி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினால் ஒரே வாரத்தில் முடிகிற விஷயத்துக்கு ஏன் பழைய காகிதம்? (வாசகர், சென்னை)

பதில்: பன்னிரண்டு தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 4,096 முன்னோர் இடங்கள். அதில் ஒருவரிடமிருந்து ஒரு துணுக்கு மரபணுகூட உங்களிடம் வந்து சேராமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் நிலைத்து நிற்கும், வாஸ்தவம். ஆனால் அது ஆண் வழியில் மட்டும்தான். கான்ஸ்டன்ஸுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், அத்தனையும் உயிரோடு இருந்ததாக பிராட்ஃபர்ட் எழுதுகிறார். அந்தப் பெருங்கூட்டத்துக்கு ஹாப்கின்ஸின் ஒய் குரோமோசோமால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கைல்ஸின் ஆண் வாரிசும் இங்கிலாந்து ஹாப்கின்ஸ் ஒருவரும் ஒத்துப்போனாலும், இருவருக்கும் எங்கோ ஒரு பொதுத் தாத்தா என்று தெரியும். அவர் பெயரும் ஊரும் வேண்டுமென்றால் மறுபடி காகிதத்திடம்தான் வர வேண்டும்.

கேள்வி: பணம் கொடுத்தால் வம்சாவளி எழுதித் தருகிற நிபுணர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் விட்டுவிடலாமே? (வாசகர், ஈரோடு)

பதில்: குஸ்டாவ் ஆன்ஜூ என்பவரிடம் அப்படித்தான் நியூயார்க் பணக்காரர்கள் விட்டார்கள். 1942இல் இறந்த அந்த மனிதர் கேட்டவர்களுக்கெல்லாம் ஐரோப்பியப் பிரபுக்களைத் தாத்தாவாக்கிக் கொடுத்தார். மெய்யான பதிவேடுகளைக் குவித்து, தேவையான இடத்தில் ஒரு கற்பனைப் பத்திரத்தைச் செருகிவிடுவார். ஆன்ஜூ என்ற பெயரே அவருடைய பிறவிப் பெயர் அல்ல. அவருடைய சரக்கு நல்ல தோல் அட்டை போட்டு நூலகங்களில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வம்சாவளியில் எல்லாத் தாத்தாக்களும் நைட்டுகளாகவும் பிரபுக்களாகவும் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உண்மையான மூதாதையர் பெரும்பாலும் நீதிமன்றத்தில்தான் மாட்டுவார்கள். ஹாப்கின்ஸையே எடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆட்களைக் குடிக்கவிட்டதாக வழக்கு. 1639இல், பக்கத்துக் குடியேற்றத்தில் 9 பென்ஸுக்குக் கிடைத்த முகம் பார்க்கும் கண்ணாடியை 16 பென்ஸுக்கு விற்றதாக இன்னொரு வழக்கு. இப்படி ஒரு தாத்தாவைக் காசு கொடுத்து யாரும் ஜோடித்துத் தரமாட்டார்கள், அதனாலேயே அவரை நம்பலாம்.

கேள்வி: வெள்ளைக்காரன் வீட்டுக் கதை நமக்கு எதற்கு? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு பழைய கல்லறை இருக்கிறது. ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரும், டேவிட் யேல் என்ற சிறு குழந்தையும் அதில். ஒருவர் குழந்தை இன்னொருவர் கல்லறையில் ஏன் என்று ஆண்களின் பெயரை மட்டும் பார்த்தால் விடியாது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் முதல் திருமணப் பதிவைப் பாருங்கள். 1680 நவம்பர் 4, பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல், ஹின்மர்ஸின் விதவை கேதரினைக் கட்டுகிறார். இரண்டு பெயர்களையும் ஒரே கல்லின் கீழ் சேர்த்தது அந்த அம்மாள்.

கேள்வி: எல்லாம் சரி. ஹாப்கின்ஸின் அப்பா யார்? (மறுபடியும் கும்பகோணம்)

பதில்: ஹாம்ப்ஷயரிலேயே அப்டன் கிரே என்ற ஊரில் 1581 ஏப்ரல் 30இல் ஜான் ஹாப்கின்ஸின் மகனாக ஒரு ஸ்டீபனுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. 2004இல் அதை முன்வைத்த கட்டுரையாளர் தலைப்பிலேயே 'பெரும்பாலும்' என்று போட்டுக்கொண்டார். மாவட்டம் ஒத்துப்போகிறது, வயது ஒத்துப்போகிறது. ஹர்ஸ்லியில் கிடைத்ததைப் போல மனைவி மக்களோடு சேர்ந்த கட்டு இதில் கிடையாது. வம்சாவளி வரைகிறவர்கள் ஜானை எழுதட்டும், பென்சிலால்.