பச்சைப்பிள்ளைக்கு ஒரு சிம்மாசனம்

தச்சநல்லூரில் காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் வைக்கிற பிளெக்ஸைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் கலை வரலாறு அறியாதவர்கள். ஒரு வயசுப் பிள்ளை கூலிங்கிளாஸ் மாட்டி, சிம்மாசனத்தில் கால்மேல் கால் போட்டிருக்கிறது. பக்கத்தில் இரண்டு சிங்கம். இதில் என்ன குறை?

இத்தாலியில் தூச்சோ 1300 வாக்கில் வரைந்த குழந்தை இயேசுவைப் பாருங்கள். இருப்பது தாய் கையில். முகத்தில் ஓய்வுபெறப் போகிற தாசில்தாரின் களை. ஞானம் முற்றியே பிறந்தவருக்குக் குண்டுக் கன்னம் எதற்கு என்பது அக்காலத்து நியாயம். அந்தச் சின்னப் பலகைக்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2004இல் கொடுத்த விலை சுமார் நாலரைக் கோடி டாலர்.

தஞ்சாவூர் ஓவியர்கள் இன்னும் தாராளம். வெண்ணெய் தின்கிற கிருஷ்ணன் பக்கத்தில் நிற்கும் பெண்களைவிடப் பெரியவன். பானைதான் பாவம், சின்னது. பிறகு அங்கே ரபேலும் இங்கே கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் (1898–1976) குழந்தையைக் குழந்தை மாதிரியே வரைந்து மரபைக் கெடுத்தார்கள். சிவகாசிக் காலண்டர்கள் அந்தக் கேட்டை வீட்டுக்கு வீடு ஆணியில் மாட்டின.

நல்லவேளை, பிளெக்ஸ் கடைத் தம்பிகள் மரபை மீட்டுவிட்டார்கள். கோட் சூட்டோடு உட்கார்ந்த உடம்பு கம்ப்யூட்டரில் தயார். தலையை மட்டும் மாற்றினால் போதும். மெயின் ரோட்டில் ஒரு பெரியவர், வார்டுக்கு நிற்கிறவர் போல என்று அண்ணாந்து கும்பிட்டார். கீழே 'முதல் பிறந்தநாள்' என்றிருந்தது. அடுத்த பிளெக்ஸில் அதே உடம்பு, அதே சிங்கம், ஒரு தாத்தாவின் தலை: 'கண்ணீர் அஞ்சலி'. இரண்டு பேர் வாட்சிலும் மணி பத்து பத்து.