மலிவு விலையில் நிர்வாகம்

பொது நிர்வாகப் பட்டங்களில் எது மலிவு, எதைப் படித்தால் சம்பாத்தியம் என்று விசாரித்துக்கொண்டிருக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு நல்ல சேதி. மலிவுக்குப் பஞ்சமே இல்லை. அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ.வுக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. இக்னோவில் எம்.ஏ. பொது நிர்வாகத்தை வீட்டிலிருந்தபடியே சில ஆயிரங்களில் முடித்துவிடலாம். அதிகாரவர்க்கம் எப்படி ஒழுங்காக இயங்கும் என்று மாக்ஸ் வெபர் சொல்லிக் கொடுப்பார். பாவம், அவர் நம்மூர் தாலுகா ஆபீஸ் பக்கம் வந்ததில்லை.

சம்பாத்தியமா? அதற்குத்தான் டி.என்.பி.எஸ்.சி. 2022 குரூப் 4 தேர்வுக்கு அறிவித்தது 7,301 இடம்; விண்ணப்பித்தது சுமார் 22 லட்சம் பேர். இடத்துக்கு முந்நூறு தலை. கேட்ட தகுதி பத்தாம் வகுப்பு. இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500-இல் தொடங்குகிறது. அதற்காக எம்.ஏ.வும் பி.இ.யும் பத்தாம் வகுப்புத் தரத்து வினாத்தாளின் முன் குனிந்து உட்கார்ந்திருக்கின்றன. பட்டம் இலவசம், பட்டத்தில் படித்ததை மறந்து பள்ளிப் பாடத்தைத் திரும்ப மனப்பாடம் செய்யத்தான் கோச்சிங் சென்டருக்குப் பணம்.

மிச்சமுள்ள 299 பேர் எங்கே என்று தேட வேண்டாம். விடிந்தும் விடியாமலும் ஷூ கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போங்கள். டிபன் பாக்ஸும் கழுத்தில் ஐ.டி. கார்டுமாக நிற்கிற பெண்களில் பட்டதாரி யார், பத்தாவது ஃபெயில் யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஷூவின் மேல்பாகம் தைக்கிற மெஷினுக்கும் அது தெரியாது.

ஆனால் உண்மையான பொது நிர்வாகம் படிக்க இவர்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தால் போதும். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தையும் கெடுப்பதாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு: மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும். உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிற தீர்ப்பு. 2001 மார்ச்சில் அதற்கான ஆணையம் கணக்குப் போட்டது: 547 தொழிற்கூடங்கள், பாதிக்கப்பட்டோர் 29,193, இழப்பீடு 26 கோடியே 82 லட்சம். வகுத்துப் பாருங்கள், சராசரியாகத் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். நிலமும் தண்ணீரும் போனதற்கு. மலிவு என்றால் இதுவல்லவா மலிவு!

அதையாவது கொடுத்தார்களா? 2025 ஜனவரி 30-இல் அதே உச்ச நீதிமன்றம், இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுங்கள் என்று அரசுக்கு மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. 2001-இல் பிறந்த பிள்ளை பள்ளி முடித்து, பி.ஏ. முடித்து, எம்.ஏ.வும் முடித்து ஷூ கம்பெனிக்கே போயிருக்கும். கோப்பு மட்டும் அப்போதும் முழுதாகப் பாஸாகவில்லை. இத்தனை வருஷமும் அந்தக் கோப்பைச் சுமந்த மேசைகளுக்கு ஒரு மாதமாவது சம்பளம் நின்றதா? அகவிலைப்படிதான் தவறியதா?

ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச் சென்ற கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், கால் நூற்றாண்டுக்கும் அதிகமாகத் திறந்த வெளியில் மலையாகக் கிடந்தது. மழைக்கு மழை மஞ்சளாக வழிந்தது. அதற்கும் ஆய்வு, அறிக்கை, கூட்டம், தேநீர்.

2015 ஜனவரி 31 விடிவதற்குள், அதே ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தத் தொட்டியைக் கண்காணிக்க வேண்டிய நாற்காலிகளில் இருந்தவர்கள் என்ன பட்டம் வாங்கியிருந்தார்கள், அதற்கு எவ்வளவு செலவழித்தார்கள், மாதம் எவ்வளவு சம்பளம் எண்ணினார்கள்? பட்டத்தின் விலையையும் வருமானத்தையும் ஒப்பிட்டு அட்டவணை போடுகிறவர்கள் முதல் வரியை அங்கிருந்து எழுதட்டும்.