குடைக்கம்பி வித்தகர்

குடை உடைந்தால் மனிதர்கள் வருத்தப்படுவார்கள். இவர் ஒருவர்தான் சந்தோஷப்படுவார். துணியைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கம்பியை மட்டும் உருவி எடுத்து, இரண்டு விரலால் வளைத்துப் பார்த்து, "ம்ஹூம், பதம் பத்தாது" என்பார். எதற்குப் பத்தாது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர்கள் காபிக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கோயம்புத்தூரில் இந்த ரகத்துக்குப் பஞ்சமில்லை. பம்புசெட்டும் மோட்டாரும் செய்கிற ஊர். திண்ணை ஓரத்தில் ஒருவர் வைஸ் மாட்டி வைத்திருந்தால் தெருவில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நம்மவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வங்கிப் பெட்டகம் இரண்டு சாவி சேர்ந்தால்தான் திறக்கும். ஒன்று இவரிடம், இன்னொன்று வேறொருவரிடம். உத்தியோக காலம் முழுக்க, கையில் ஒரு சாவியோடு அந்த வேறொருவர் டிபன் முடித்து வருவதற்காகக் காத்து நின்றவர். அப்படிப்பட்டவருக்கு, சாவியே இல்லாமல் பூட்டைத் திறக்கலாம் என்று ஒரு வீடியோ வந்து சொன்னால் மனசு என்ன பாடுபடும்?

அதற்கான கம்பிகள் செட்டாகவே விலைக்குக் கிடைக்கின்றன. சொல்லிப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கடையில வாங்கறதா இருந்தா சாவியவே வாங்கிப் போடலாமுங்களே" என்பார். பதில் சொல்ல முடியாது.

முதலில் காணாமல் போனவை வீட்டம்மாவின் கொண்டை ஊசிகள். சினிமாவில் கதாநாயகி தலையிலிருந்து ஒன்றை உருவினால் சிறைக்கதவே திறக்கிறது. இவர் உருவியது பூட்டுக்குள் போனதும் வளைந்து, அங்கேயே குடியிருந்துவிட்டது. பிறகு சைக்கிள் ஸ்போக்ஸ். அது நல்ல எஃகுதான், ஆனால் சாவித்துளைக்குள் நுழையாத தடிமன். அடித்துத் தட்டையாக்கலாம் என்று சுத்தியலோடு உட்கார்ந்ததில் மாடிக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை இழந்தார்கள். குடைக்கம்பி அதற்கும் பின்னால் வந்தது.

கடைசியில் ஞானம் பிறந்தது ஆக்ஸா பிளேடில். அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலான தடிமன், எடுத்தவுடன் வளைந்துவிடாத எஃகு, விலையும் சொற்பம். அடுத்த ஞானம் கார் வைப்பர். அந்த ரப்பரின் இரு பக்கமும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் பட்டை ஒன்று ஓடும். பூட்டின் உருளையை மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொள்ள அதைவிடத் தோதான சாமான் உலகத்தில் இல்லை என்பது இவர் தீர்ப்பு. அன்றிலிருந்து மருமகன் காரில் வந்து இறங்கினால் இவர் முதலில் நலம் விசாரிப்பது வைப்பரை. மாப்பிள்ளை இப்போதெல்லாம் ரயிலில் வருகிறார். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. உக்கடம் பழைய இரும்புக்கடைகளில் இவரைத் தெரியாத ஆளில்லை.

வேலை நடக்கும்போது பார்க்க வேண்டும். கொக்கியின் வடிவத்தைக் கணக்கு நோட்டில் வரைந்து, கத்தரித்து, பிளேடின்மேல் ஒட்டி, வெளியே நிற்கிற இரும்பைக் கிரைண்டர் சக்கரத்தில் தேய்ப்பார். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். இரண்டு தேய்ப்பு, ஒரு முக்கு. கொஞ்சம் பேராசைப்பட்டு மூன்றாவது தேய்ப்புத் தேய்த்தால் நுனி வைக்கோல் நிறமாகி, பழுப்பாகி, கண்ணெதிரே நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்தால் பதம் போச்சு. கொண்டை ஊசிக்கும் அதற்கும் அப்புறம் வித்தியாசம் அதிகமில்லை. "அய்யய்யோ, போச்சு!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தால் வீட்டில் இப்போது யாரும் ஓடுவதில்லை. தப்பிப் பிழைத்த கம்பிக்கு உப்புத்தாள் உபசாரம் உண்டு. முதலில் முரட்டுத்தாள், பிறகு நானூறு, பிறகு ஆயிரம். கண்ணாடிபோல் மின்னும் வரை தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். பேரனைக்கூட இவ்வளவு கொஞ்சி யாரும் பார்த்ததில்லை.

'பின்' பூட்டின் தத்துவம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1861-இல் லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. உருளைக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன ஊசிகள், ஒவ்வொன்றின் தலைமேலும் இன்னொரு ஊசி, அதற்கும் மேல் ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் எல்லா ஜோடிகளும் ஒரே கோட்டில் பிரிந்து நிற்கும், உருளை சுற்றும். எந்தக் கம்பெனியாலும் எல்லாத் துளையையும் மயிரிழை பிசகாமல் ஒரே வரிசையில் போட முடியாது. ஆகவே லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஏதாவது ஓர் ஊசி மட்டும் முதலில் இறுகும். அதைத் தூக்கு, 'டிக்'. அடுத்தது இறுகும், அதைத் தூக்கு. இவ்வளவுதான். 'லேசாக' என்ற இடத்தில்தான் பாவம் இவர் மாட்டிக்கொள்கிறார். பம்புசெட்டு போல்ட்டைத் திருகுகிற ஊர்க்காரக் கை; பிடிக்கிற பிடியில் எல்லா ஊசியும் ஒன்றாக இறுகிக்கொள்ளும்.

முதல் பூட்டு ஒரு நள்ளிரவில் திறந்தது. மொத்த வீட்டையும் எழுப்பினார். நம்பாத கண்களுக்கு நிரூபிக்க வேண்டுமென்று மறுபடி பூட்டிக் காட்டினார். அது அடுத்துத் திறந்தபோது பால்காரர் வந்துவிட்டிருந்தார்.

இதற்கெல்லாம் வீட்டம்மா முணுமுணுத்தால், லண்டன் கதை ஒன்று வரும். பிக்காடிலியில் ஜோசப் பிராமா என்பவர் கடை ஜன்னலில் 1790 முதல் ஒரு பூட்டை வைத்து, திறக்கிறவருக்கு 200 கினி என்று சவால் விட்டிருந்தார். அறுபது வருஷம் அது யாருக்கும் மசியவில்லை. 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் தானே செய்துகொண்ட கருவிகளோடு உட்கார்ந்து திறந்தார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம். "அம்பத்தோரு மணி நேரம்! நான் ரெண்டு மணி நேரம் உக்காந்ததுக்கே நீ முறைக்கிற" என்பார். "அவருக்கு இருநூறு கினி குடுத்தாங்க. உங்களுக்கு யாரு என்னுங்க குடுத்தாங்க?" என்று உள்ளிருந்து குரல் வரும். வரலாறு அத்துடன் முடியும்.

இவரை ஊர் மெச்சிய சந்தர்ப்பமும் ஒன்று உண்டு, சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு கல்யாண வீட்டில் சம்பந்தியின் சூட்கேஸ் நம்பர் மறந்துபோய்ச் சீர்ப்பட்டுப் புடவை உள்ளே சிக்கிக்கொண்டது. இவர் தோல் உறையை விரித்து, பளபளக்கும் கம்பிகளைப் பரப்பி, சுற்றிலும் கூட்டம் சேரும்வரை பொறுத்து, பிறகு கம்பி எதையும் தொடாமல் மூன்று சக்கரத்தையும் சைபரில் நிறுத்தினார். திறந்துகொண்டது. லாஸ் அலமோஸில் அணுகுண்டு ரகசியம் இருந்த அலமாரிகளை இயற்பியலாளர் ஃபெய்ன்மன் விளையாட்டாகத் திறந்துகாட்டியதிலும் ஒரு சங்கதி இதுதான். கம்பெனியிலிருந்து வந்த நம்பரைப் பலர் மாற்றுவதே இல்லை.

ஒழுக்கத்தில் ஆள் நெருப்பு. தனதல்லாத பூட்டைத் தொடமாட்டார். புழக்கத்தில் உள்ள பூட்டையும் தொடமாட்டார், உள்ளே கெட்டுவிட்டால் வாசலில் நிற்க வேண்டுமே. அதனால் கதவே இல்லாத பூட்டுகளாக வாங்கி வாங்கி வீடு நிறைந்துவிட்டது. இருந்தாலும் தெருவில் நடக்கும்போது கண் மனிதர் முகத்துக்குப் போவதில்லை. எதிர்வீட்டுக்காரர் "சௌக்கியமுங்களா?" என்றால், "நல்லாருக்கறனுங்க, உங்க கேட்டுப் பூட்டு நாலு பின்னுதானுங்களே?" என்பார். மறுநாளே அந்த கேட்டில் இரண்டாவது பூட்டு தொங்கும். இவர் அதைத் தனக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொள்கிறார்.

கர்வபங்கம் திண்டுக்கல்லில் நடந்தது. பழனிக்குப் போன இடத்தில் இன்னும் கொஞ்சதூரம் என்று பஸ் ஏறி, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டை அது பிறக்கிற பட்டறையிலேயே பார்க்கப் போனார். பெரியவர் ஒருவர் அரத்தால் லீவர் ராவிக்கொண்டிருந்தார். கை வேலை, ஒரு பூட்டைப்போல் இன்னொன்று அமையாது. இவர் உறையை விரித்தார். பெரியவர் ஒவ்வொரு கம்பியாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "மெருகு நல்லா வந்திருக்கு சார்" என்றார். இவருக்கு உச்சி குளிர்ந்தது. "ஆனா இது பின்னு பூட்டுக்குண்டான சாமான். நம்மளது லீவரு. இதை வச்சுக் காதுதான் குடையலாம்" என்று முடித்துவிட்டு, மாங்காய்ப் பூட்டு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டுதான்.

அந்தப் பூட்டை இன்றுவரை வென்றபாடில்லை. வீட்டம்மா அதை இரவல் வாங்கி, கிரைண்டரும் சுத்தியலும் உள்ள அலமாரிக்கு மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை மாட்டிவைக்கிறார். மாடிக்காரர்கள் தூங்குகிறார்கள்.

அந்த அம்மாள் கண்டுபிடித்தது வேறொன்றும் உண்டு. பூட்டாத எதையும் இவர் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பீரோவைத் திறந்தே போட்டிருக்கலாம், பணம் பத்திரம். ஆனால் கட்ட வேண்டிய பில்லும் அதே கதிதான். நவம்பரில் வங்கிக்குக் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றிதழ் படிவம் சாப்பாட்டு மேஜையில் மாசக் கடைசிவரை கிடந்தது. உயிரோடு இருப்பவர் கையெழுத்துப் போடுவதாகக் காணோம். ஒரு நாள் அதை எடுத்துத் தகர டப்பாவில் போட்டு, ஐந்து பின் பூட்டு ஒன்றை மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, டப்பாவை டிவி முன்னால் வைத்தார். அன்றிரவே திறந்தது, மறுநாள் காலை படிவம் வங்கியில் இருந்தது.

இப்போது வீட்டு நிர்வாகம் மொத்தமும் அந்த டப்பா வழியாகத்தான். போன வாரம் டப்பாவை முன்னால் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, இதுல சொத்து வரி பில்லு இருக்குதுங்க. கடைசி நாளு நெருங்கிட்டுது, அதனால லேசான பூட்டாத்தான் போட்டிருக்கறனுங்க."