புள்ளி நகரவில்லை

இலங்கையின் காலியிலிருந்து ஏமனின் ஏடன் வரை சுமார் 2,100 கடல் மைல். 1988 பிப்ரவரியில், முப்பத்தாறு அடிப் பாய்மரப் படகில் கணவர், எட்டு வயது மகள், நான் மூவருமாக அதைக் கடந்தோம். வாடைக்காற்று சீராக வீசும் பருவம். நல்ல நாளில் 120 மைல் ஓடுவோம். படகில் இருந்த வானொலியில் கேட்க மட்டுமே முடியும், பேச முடியாது. காலியில் கடிதத்தைத் தபாலில் போட்டதற்கும் ஏடனில் தந்தி கொடுத்ததற்கும் இடையில், பினாங்கிலிருந்த என் அம்மாவுக்கு எங்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடைக்க வழியில்லை.

எங்கே இருக்கிறோம் என்பது எங்களுக்கே நாளுக்கு ஒரு முறைதான் உறுதியாகத் தெரியும். காலையில் ஒரு தரமும் உச்சிவேளையில் ஒரு தரமும் கணவர் கோணம் அளக்கும் செக்ஸ்டன்டோடு மேலே நின்று சூரியனின் பிம்பத்தை அடிவானத்துக்கு இறக்குவார். மகள் கீழே கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பாள். பிபிசியின் நேர ஒலிக்கு அதைச் சரிபார்த்து வைப்பது அவள் பொறுப்பு. நாலு விநாடி பிசகினால், நிலநடுக்கோட்டுப் பக்கத்தில், ஒரு கடல் மைல் தள்ளிப்போகும் என்பது அவளுக்குத் தெரியும். அவர் குரல் கொடுத்ததும் நேரத்தை எழுதுவாள். பிறகு வரைபடத்தில் பென்சில் புள்ளி. நேற்றைய புள்ளிக்கும் இன்றைய புள்ளிக்கும் உள்ள தூரத்தை அவள்தான் அளப்பாள். பால்டிமோரின் கால்வர்ட் பள்ளி 1906 முதல் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்பிவந்த பாடப்பெட்டி எங்களிடமும் இருந்தது. அந்தப் பெட்டி கற்றுத்தந்ததைவிடக் கூடுதலான கணக்கை அந்தக் கடிகாரம் கற்றுத்தந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

என் வேலை சாப்பாடும் தண்ணீரும். அட்டைப் பெட்டி எதையும் படகுக்குள் விடமாட்டேன். அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை வரும். டின்களின் காகிதத்தையெல்லாம் உரித்துவிட்டு, உள்ளே என்ன என்று பெயின்டால் எழுதுவோம். இல்லாவிட்டால் படகின் அடியில் தேங்கும் நீரில் காகிதம் ஊறிக் கழன்று பம்பை அடைத்துவிடும். முட்டைகளுக்கு வாசலின் தடவி வைத்தால் குளிர்பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் தாங்கும். சோற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு கடல்நீர். உப்புத் தனியாக வேண்டாம், நல்ல தண்ணீரும் மிச்சம். மண்ணெண்ணெய் அடுப்பு படகோடு சாயாமல் தொங்கியாடும் தாங்கியில் நிற்கும். நான் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு நிற்பேன். கடல் அடங்கிய நாளில் இட்லி ஊற்றுவேன். அந்தச் சூட்டில் மாவு நாலே மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக நானும் அவரும் மாறி மாறி விழித்திருப்போம். ஒரே படகில் இருந்தும், கணவரோடு சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் பேச முடிந்தது கரை வந்த பிறகுதான்.

ஊர் திரும்பிய பின், “அத்தனை நாள் எப்படிம்மா இருந்தே?” என்று அம்மாவிடம் கேட்டேன். “மாப்பிள்ளை மாசக் கடைசிவரைக்கும் எதிர்பார்க்க வேண்டாம்னு சொல்லிட்டுப் போனார். அதுவரைக்கும் நீங்க நல்லா இருக்கீங்கன்னுதானே அர்த்தம்?” என்றார்.

இன்று மகளின் படகு அதே இந்தியப் பெருங்கடலில், ஆனால் தெற்கே. எங்கள் ஏடன்-செங்கடல் வழியை அவள் நினைத்தும் பார்க்கவில்லை. 2011இல் சோமாலியக் கொள்ளையர் பாய்மரப் படகுக்காரர்களைப் பிடித்தார்கள், கொன்றார்கள். பிடிபட்டவர்களில் குழந்தைகளோடு வந்த ஒரு டேனிஷ் குடும்பமும் உண்டு. 2023 கடைசியில் ஏமன் கரையிலிருந்து கப்பல்கள் மீது ஏவுகணைகள் பாயத் தொடங்கின. ஆகவே கோக்கோஸ் தீவிலிருந்து ரோட்ரிக்ஸ், மொரீஷியஸ், ரீயூனியன் வழியாக ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகிறாள். கோக்கோஸிலிருந்து ரோட்ரிக்ஸுக்கே சுமார் 2,000 மைல்.

அவள் படகில் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருக்கிறது. ஜிபிஎஸ் படகின் இடத்தைச் சில மீட்டருக்குள் சொல்கிறது. எதிரே வரும் கப்பலின் பெயரும் வேகமும் திரையில் தெரிகின்றன. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையத் தட்டு வழியாகப் பேரப்பிள்ளைகள் நடுக்கடலில் வகுப்பில் உட்காருகிறார்கள். என் கைப்பேசியில் அவர்கள் படகு ஒரு நீலப் புள்ளி, மணிக்கொரு முறை நகரும்.

ரோட்ரிக்ஸுக்குப் பாதி வழியில் அந்தப் புள்ளி நின்றது. ராத்திரி முழுக்க அசைந்ததாகவே தெரியவில்லை. செய்தி அனுப்பினேன், பதிலில்லை. பாய்மரம் முறிந்திருக்குமோ, மிதந்து வந்த கன்டெய்னரில் மோதியிருப்பார்களோ என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு விடியும்வரை திரையைப் பார்த்திருந்தேன். காலையில் அழைத்தாள். காற்று பலத்ததால் பாயையும் சுக்கானையும் ஒன்றுக்கொன்று எதிராக வைத்துப் படகை நிறுத்திவிட்டு, சூடாகச் சமைத்துச் சாப்பிட்டு, முறைக்கு ஒருவர் காவலிருக்க மற்றவர்கள் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். களைத்த குடும்பம் நடுக்கடலில் செய்யக்கூடிய மிகச் சரியான காரியம் அது. நாங்களும் ஏடன் வழியில் அப்படி ஓர் இரவு கிடந்தோம். அம்மாவுக்கு அது கடைசிவரை தெரியாது.

தொடர்பு இருந்தால் கவலை குறையும் என்று நம்பித்தான் இவ்வளவும் செய்தோம். என் அம்மாவுக்கு நாங்கள் கொடுத்துவிட்டுப் போனது ஒரு தேதி. அதுவரை அவரால் தூங்க முடிந்தது. எனக்குக் கிடைத்திருப்பது ஒரு நாளைக்கு இருபத்துநாலு புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காத்திருப்பு. மகளிடம் சொன்னேன்: புள்ளி வேண்டாம், நண்பகலில் இடத்தை மட்டும் உன் மகனை அனுப்பச் சொல். இப்போது பேரன் தினமும் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதி அனுப்புகிறான். தாள் வரைபடத்தில் நான் குறித்து, தூரத்தை அளந்து அவனுக்குத் திருப்பி எழுதுகிறேன்.

அடுத்தது ரீயூனியனிலிருந்து தென்னாப்பிரிக்கா. அங்கே அகுல்யாஸ் நீரோட்டம் கரையோரமாகத் தென்மேற்கே பாய்கிறது. தென்மேற்குக் காற்று அதை எதிர்த்து வீசினால் பெரிய கப்பல்களையே முறிக்கும் அலைகள் எழும். காற்று மாறும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லும் வானிலைக் கணிப்பு எங்கள் காலத்தில் படகுக்குள் வந்ததில்லை. இவர்களுக்கு வருகிறது, அதை நம்பித்தான் அனுப்புகிறேன். அந்தக் கரையை நெருங்கும் நாட்களுக்கு மட்டும் மணிக்கொரு புள்ளி வேண்டும் என்று மகளிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறாள்.