தேக்குப் பட்டி அறுப்பதில் முட்டுக்கட்டையின் பங்கு: ஒரு பன்முக ஆய்வு

1. ஆய்வின் தேவை

பிளைவுட் அலமாரியின் ஓரத்தில் ஒட்டும் தேக்குப் பட்டி 3 மி.மீ. கனத்தில் இருக்க வேண்டும். முதல் பட்டியும் நாற்பதாம் பட்டியும் ஒரே கனமாக இருக்க வேண்டும். இதற்கென்று பட்டறையிலேயே ஒரு ஜிக் (அளவு பிசகாமல் பிடித்துத் தரும் துணைக்கருவி) செய்துகொள்ளும் கலை குறித்து ஆசாரிகள் எவரும் கருத்தரங்கில் கட்டுரை வாசித்ததாகத் தெரியவில்லை. செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். துறைக்கு இது பேரிழப்பு. அவ்விழப்பை ஈடுசெய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. அளவியல் பின்புலம்

மயமதம் முதலான சிற்ப நூல்கள் அணுவில் தொடங்கி எட்டெட்டாகப் பெருக்கிக்கொண்டு போகின்றன. எட்டு ஈர் ஒரு பேன். எட்டுப் பேன் ஒரு யவை. எட்டு யவை ஒரு விரல். ஆகவே ஈரைப் பேனாக்க எட்டு தேவை என்பது ஐயமின்றி நிறுவப்படுகிறது. பேனைப் பெருமாளாக்க எத்தனை தேவை என்பதை அந்நூல்கள் நமது ஆய்வேடுகளுக்கு விட்டுவைத்திருக்கின்றன.

3. பாகங்கள்

(அ) பலகை: மீந்துபோன பிளைவுட் துண்டு. மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை.

(ஆ) சி-கிளாம்ப்: இரண்டு. ஒன்றே போதும் என்பாரைப் பலகையே நகர்ந்து மறுத்துவிடும்.

(இ) தள்ளுகட்டை: பத்து விரலும் வேண்டுவோர்க்கு.

(ஈ) தூள்: பிளேடு தின்னும் அகலம் சுமார் 3 மி.மீ. எனவே ஒரு பட்டிக்கு ஒரு பட்டி தூள்.

(உ) கைடு: டேபிள் மிஷினில் பிளேடுக்கு வலப்புறம் நின்று மரத்தை நேராக ஓட்டும் கட்டை. மெல்லிய பட்டியைக் கைடுக்கும் பிளேடுக்கும் நடுவில் வைத்து அறுத்தால் அது அங்கேயே சிக்கும். பின்பக்கத்துப் பல் அதைக் கவ்வி, தள்ளியவர் வயிற்றைப் பார்த்தே திருப்பி எறியும். கைடுக்கும் பல்லுக்கும் நடுவில் சிக்குவது எப்படியிருக்கும் என்று முனைவர் பட்ட மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பட்டி பிளேடுக்கு இடப்புறம், கைடின் பிடிக்கு அப்பால் விழ வேண்டும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

(ஊ) முட்டுக்கட்டை: தனி இயலில் காண்க.

4. முட்டுக்கட்டை இயல்

பிளேடுக்கு இடப்புறம் பலகையை மேசையோடு இறுக்கி, அதன் விளிம்பில் பசை வைத்து ஒரு நட்டைப் புதைத்து, அதில் 6 எம்எம் போல்ட்டைத் திருகினால் போல்ட்டின் தலையே முட்டு. தலைக்கும் பல்லின் இடப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி பட்டியின் கனம். கைடைத் தளர்த்தி மரத்தோடு சேர்த்துத் தள்ளு, மரம் முட்டைத் தொட்டதும் கைடை இறுக்கு, அறு. மறுபடி தள்ளு, தொடு, இறுக்கு, அறு. அளவுகோல் எங்கும் வராதது கவனிக்கத்தக்கது.

முட்டு நிற்கும் இடம் பற்றி அறிஞரிடையே பூசல் இல்லை. பல்லுக்கு நேரே வைத்தால் அறுந்த பட்டி அங்கும் நசுங்கும். எனவே பல்லுக்கு முன்னால், அறுப்பவர் பக்கமாக ஒரு விரற்கடை தள்ளி வைக்க வேண்டும்.

பூசலெல்லாம் திருகுவதில்தான். 6 எம்எம் போல்ட்டின் வழக்கமான மரை சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். இதிலிருந்து கிளைத்த பள்ளிகள் வருமாறு:

காற்பள்ளி. கால் சுற்று, 0.25 மி.மீ. அதற்கும் நுட்பம் கேட்பவர் நகைப் பட்டறைக்குப் போகட்டும் என்பது இவர் கொள்கை. (ஆசாரி ஒருவர், வாய்மொழி, டீக்கடை, முதல் டீ.)

ஆறுமுகப் பள்ளி. போல்ட் தலைக்கு முகம் ஆறு. முகத்துக்கு 1/6 சுற்று, ஏறத்தாழ 0.17 மி.மீ. ஒரு முகத்தில் வெள்ளைப் பெயின்ட் தொட்டு வைத்தால் கணக்குத் தப்பாது. (அதே ஆசாரி, அதே கடை, இரண்டாம் டீ, முதல் டீயில் சொன்னதை இங்கே முற்றாக மறுக்கிறார்.)

மாகாணிப் பள்ளி. 1/16 சுற்று, 0.0625 மி.மீ., ஏறத்தாழ ஒரு தலைமுடியின் கனம். (மேற்படியார், மேற்படி கடை, வடை வருமுன். ‘வடை வந்தபின்’ என்பது பாடபேதம். பின்னதே பொருந்தும் என்பது எம் துணிபு: எண்ணெய்க் கை போல்ட்டில் வழுக்கினாலன்றி மாகாணிச் சுற்று இயற்கையில் நிகழாது. வடையன்று, போண்டாவே என்பாரும் உளர். அக்கடையில் போண்டா மாலையில்தான் போடப்படும் என்பதை அவர் அறியார்.)

முந்திரிப் பள்ளி. மேற்படியிலிருந்து பிரிந்த தீவிரர். 1/320 சுற்று, 0.003 மி.மீ. ஐப்பசி மழையில் தேக்கு அதைவிட ஊதிவிடுமே என்று கேட்டால், பிழை மழையினுடையது என்பர். இவர்களில் எவரும் பட்டி அறுத்ததற்குச் சான்றில்லை. பட்டி அறுப்பவர் எழுதும் கட்டுரைகளை மதிப்பிடும் குழுவில் இருக்கிறார்கள்.

5. முடிவுகள்

ஒட்டிக் காய்ந்த பட்டியின் மேல் உப்புத்தாளை நன்றாக ஒருமுறை தேய்த்ததும் முந்திரி போயிற்று, அடுத்த முறையில் மாகாணி, ஆறுமுகம் தள்ளாடுகிறது. அலமாரியைப் பார்க்க வந்த எவரும் பட்டி எத்தனை மி.மீ. என்று கேட்கவில்லை. எல்லாம் ஒரே கனமா என்றுதான் கண் தேடும். ஒரே முட்டைத் தொட்டு வந்தவை ஒரே கனமாகத்தான் இருக்கும். முட்டு சரியாக நின்றால் அளவுகோலுக்கு வேலை கிடையாது. அளவுகோலால் பிழைப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அவர்களது மறுப்புரை அடுத்த கருத்தரங்கில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நேரம் இருந்தால்.