மூச்சு வாங்கும் முனை

சைக்கிளில் மலை ஏறுகிறவர்களைப் பற்றி ஒரு பொய் ரொம்ப நாளாக உலவுகிறது. அவர்கள் இயற்கை அழகைப் பருகியபடியே ஏறுகிறார்களாம். ஏற்காட்டு மலைப்பாதையில் மிதித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏறுகிறவன் கண்ணுக்குத் தெரிவது முன்சக்கரத்துக்கு முன்னால் ஆறடித் தார். அதில் ஓர் எறும்பு நம்மை முந்திப் போவதும் சில சமயம் தெரியும். காபித் தோட்டம், சில்வர் ஓக் மரம், கீழே புகை மூட்டத்தில் சேலம் எல்லாம் நின்ற பிறகுதான் தட்டுப்படும். ஆகவே, 'அடடா, என்ன ஒரு காட்சி!' என்று சைக்கிள்காரன் சொன்னால், அவனுக்கு இனி ஓர் அடி மிதிக்கத் தெம்பில்லை என்று அர்த்தம்.

இந்த விஷயத்தில் வெள்ளைக்காரர்கள் நேர்மையாக நடந்துகொண்டார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபி, பேரிக்காய் என்று பயிரிட்டு வைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மலை விளிம்பில் உட்கார இடம் பார்த்தார்கள். உட்கார்ந்த இடத்துக்கு 'சீட்' என்றே பேரும் வைத்தார்கள். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். குடும்பத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் குதிரையிலும் டோலியிலும் வந்தவர்கள். மிதித்து வந்தவனுக்கென்று ஒரு சீட் கிடையாது. இருபதாவது கொண்டை ஊசி வளைவின் தடுப்புச் சுவர்தான்.

எங்கள் சீமையில் மலைக்குப் பஞ்சமே இல்லை. சேலத்தில் மொட்டை மாடிக்குப் போய் எந்தப் பக்கம் திரும்பினாலும் சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று ஏதோ ஒன்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாமக்கல்லில் ஊருக்கு நடுவிலேயே ஒற்றைப் பாறை மேல் கோட்டை. பஞ்சம் எல்லாம் சைக்கிள் மரியாதைக்குத்தான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி போகாத மாநிலம் இல்லை. எஞ்சினை நம்பிப் பிழைக்கும் சீமையில், எஞ்சின் இல்லாத வண்டியைக் கார் விலைக்குப் பாதி கொடுத்து வாங்கியவனை யார் மதிப்பார்கள்? என் பெரியப்பா பாடி பட்டறையிலேயே தலை நரைத்தவர். என் சைக்கிளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, இத்தனை காசு வாங்கிக்கிட்டு இரும்பே போடாம ஏமாத்திப்புட்டானா?"

சென்னையில் இருக்கும் என் சித்தி மகன்தான் இதற்கெல்லாம் காரணகர்த்தா. வெளிநாட்டு மலைப்பாதை வீடியோக்களாக அனுப்பிக்கொண்டே இருப்பான். ஸ்பெயினின் மயோர்கா தீவில் சா கலோப்ரா என்றொரு பாதை. 1930களில் போட்டது. முழுக்கச் சுண்ணாம்புப் பாறை நாடு. மழைத்தண்ணீர் கல்லைக் கரைத்துக் கரைத்து ஊசியும் பள்ளமும் குகையுமாகச் செதுக்கி வைத்திருக்கிறது. பாதை ஓரிடத்தில் தன் மேலேயே ஏறிச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த இடத்துக்குக் கழுத்து டை முடிச்சு என்றே பேர். மொத்தம் 26 கொண்டை ஊசி வளைவு. "உன் ஊர்லயும் சுண்ணாம்புக் கல் இருக்குதாமே, அந்தப் பக்கம் ஓட்டிப் பாரேன்" என்றான். இருக்கிறதுதான். சங்ககிரியில் வெட்டி எடுத்து சிமென்ட் பண்ணுகிறார்கள். அங்கே ஜனங்கள் சுண்ணாம்புக் கல்லில் ஏறுகிறார்கள். இங்கே சுண்ணாம்புக் கல் லாரியில் ஏறுகிறது. சேலத்தை ஒட்டி வெள்ளை வெளேரென்று சில மேடுகள் உண்டு. பார்த்துவிட்டு ஆங்கிலேயர்கள் சாக் ஹில்ஸ் என்று எழுதி வைத்தார்கள். அதுவும் சுண்ணாம்பு இல்லை, மாக்னசைட். உலை அடுப்புக்கு உள்பூச்சாகப் போகிற கல்.

ஏற்காடு உட்கார்ந்திருக்கும் சேர்வராயனும் கொல்லியும் கரையாத ஜாதி. சார்னோக்கைட் என்று புவியியலில் சொல்கிற பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்கிற கம்பெனிக்காரரின் சமாதிக் கல்லைப் பார்த்து, அது நம் பல்லாவரம் பக்கத்துக் கல் என்று கண்டு, தாமஸ் ஹாலந்து என்பவர் 1893இல் இந்தப் பெயரைச் சூட்டினார். மலைக்கே சமாதியிலிருந்து பேர் எடுத்திருக்கிறார்கள். இந்தத் தகவலை வீட்டில் ஃபேனடியில் படித்தபோது சுவாரசியமாக இருந்தது. பன்னிரண்டாவது வளைவில் ஞாபகம் வந்தபோது அவ்வளவு சுவாரசியம் இல்லை.

சாப்பாட்டுக் கணக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் நாமக்கல்காரன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். நானும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 100 கிலோ. (பிரிவினை கேட்காதீர்கள்; சைக்கிள் மேல் குற்றமில்லை.) இவ்வளவையும் அவ்வளவு தூரம் தூக்க ஆகும் சக்தி ஏறக்குறைய 280 கலோரிதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் கால்வாசிதான் பெடலுக்குப் போய்ச் சேரும். முக்கால்வாசி சூடாகவும் வியர்வையாகவும் போய்விடும். ஆக 1,100 கலோரிக்கு மேல் வேண்டும். ஒரு முட்டைக்கு 70 என்று போட்டால் பதினாறு முட்டை. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று பெரியவர்கள் வாழ்த்தியதன் முழு வீச்சு எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த முக்கால்வாசி வெட்டிச் செலவுக்கு யாராவது ஆடிட் போட்டால் தேவலை.

கொல்லிமலை வேறு கதை. காரவள்ளியில் தொடங்கி எழுபது வளைவு. உலகமே கொண்டாடுகிற பிரான்ஸின் ஆல்ப் துவெஸ்ஸில் 21தான். அங்கே நம்பரைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள்: அடிவாரத்தில் 21, உச்சியில் 1. ஏற ஏற எண் குறையும், மனசு ஆறும். நம் பக்கம் ஒன்று, இரண்டு என்று ஏறுமுகம். பத்து முடிந்து நிமிர்ந்தால் இன்னும் அறுபது என்கிற கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

வளைவில் ஒரு சூட்சுமம் உண்டு. திருப்பத்தின் உள்விளிம்பு செங்குத்து. வெளிவிளிம்பு சாய்வு குறைவு, தூரம் கூடுதல். வலப்பக்கம் திரும்பும் வளைவில், இடது ஓரம் போகிற நமக்கு வெளிவிளிம்பு தானாகக் கிடைக்கும். இரண்டு மூச்சு இளைப்பாறலாம். இடப்பக்க வளைவில் உள்விளிம்பில் மாட்டிக்கொள்வோம். கொஞ்சம் அகலமாகப் போய்ச் சுற்றலாமே என்று ஆசை வரும். அந்த ஆசை மனசில் முளைக்கிற அதே நொடியில் மேலேயிருந்து பஸ் இறங்கும். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது சாலை விதி. ஏறுகிறது வண்டிதானா என்பதில் ஓட்டுநருக்குச் சந்தேகம் வந்தால் யார் என்ன செய்ய முடியும்?

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்தான் என்கிறது புறநானூறு. ஓரியின் அம்பு நேராகப் போனது. ரோடு போட்டவர்கள் எழுபது தடவை யோசித்திருக்கிறார்கள். கொல்லிப்பாவை என்ற ஒருத்தியும் இங்கே உண்டு. சிரித்தே ஆளைக் கொல்வாள் என்பது பழங்கதை. கட்டுக்கதை என்றே நினைத்திருந்தேன். முப்பதாவது வளைவைத் தாண்டியதும் என்னைக் கடந்த ஒரு கல்லூரி சுற்றுலா பஸ்ஸில், ஜன்னலுக்கு இரண்டு பேர் வீதம் உட்கார்ந்திருந்தார்கள் பாவைகள்.

மேலே போகப் போகப் பலா, மிளகு, அன்னாசி. வளைவோரத்தில் அன்னாசி வைத்திருந்த பாட்டி என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"ஏஞ்சாமி, பஸ்ஸு வுட்டுட்டியா?"

"இல்லீங்க ஆத்தா, சும்மாதான் ஓட்டிப் பார்க்கலாம்னு."

"யாராச்சும் வேண்டுதல் வச்சிருக்காங்களா வூட்ல?"

அறப்பளீஸ்வரருக்கு வேண்டுதல் என்றேன். அதன் பிறகுதான் அவர் முகத்தில் நிம்மதி வந்தது. தட்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ஒரு துண்டு கூடுதலாகவே கொடுத்தார். காசில்லாமல், காரியமில்லாமல், சாமியும் கேட்காமல் ஒருவன் மலை ஏறுவதை அவர் எங்கே கண்டார்? இந்த மலையாளி பழங்குடி மக்கள் ரோடு வருவதற்கு முந்தி, விளைந்ததையெல்லாம் தலையிலும் தோளிலும் சுமந்து அடிவாரச் சந்தைக்கு இறங்கி, உப்பும் துணியும் வாங்கி அன்றைக்கே ஏறியவர்கள். அவர்கள் முன்னால் 'ஃபிட்னஸ்' என்கிற வார்த்தையை எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்னாசி வாயில் இருந்ததால் பிழைத்தேன்.

சோளக்காடு என்கிற ஊரில் டீக்கடை. வாழைத்தார் ஏற்றிய மினி லாரியின் ஓட்டுநர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏறுறதை வுடுங்க தம்பி, அது எப்படியோ ஏறிட்டீங்க. எறங்கறப்பதான் சாக்கிரதை. ஏறுன கியர்லயே எறங்கோணும். பிரேக்கைப் புடிச்சுட்டே எறங்குனா சூடாகிக் காலி."

"இதுல அது முடியாதுங்கண்ணா. கியர் ஏத்தறதுக்கு மட்டும்தான். எறங்கும்போது ஃப்ரீவீல், சக்கரம் தன்பாட்டுக்குச் சுத்தும்."

"எஞ்சின் இழுத்துப் புடிக்காதா?"

"எஞ்சினே நான்தானுங்களே."

அவர் குனிந்து பிரேக் கட்டையைப் பார்த்தார். சுண்டு விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு ரப்பர். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும், நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு வளைவுக்குள் நுழைய வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். எழுபது வளைவையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இந்த ரப்பர் மட்டும்தானா?"

"ஆமாங்கண்ணா."

அவர் கடைக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார்: "மாஸ்டர், தம்பி டீக்கு நான் குடுத்துடறேன். ஒரு பன்னும் குடுங்க, பாவம்."